தலை மழுங்கிய திருகு

வாசல் வெயிலில், சக்கரம் கழற்றிய காரின் முன் அக்கா மண்டியிட்டிருக்கிறாள். பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகின் தலை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி, கிண்ணம்போல் மழுங்கியிருக்கிறது. நேற்று அந்த வேலையைச் செய்துவிட்டு, மேலே கிரீஸ் பூசி மறைத்த தம்பி பின்னால் நிற்கிறான். “கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரேன்க்கா.” “உன் வாயில விட்டுக்கோ. மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல்ல அப்பா காத்துட்டு நிப்பார்.” டிரில் அலறுகிறது. இரும்புச் சுருள்கள் மினுங்கிக்கொண்டு வந்து அவள் வியர்த்த மணிக்கட்டில் ஒட்டுகின்றன. புகை நாறுகிறது. கடைசியில் திருகின் தலை பிய்ந்து வர, தட்டு அசைந்துகொடுக்கிறது. “வந்துடுச்சா! எங்க, குடு பாப்போம்.” இடுக்கியால் எடுத்து, நீட்டிய உள்ளங்கையில் வைக்கிறாள். “ஐயோ, கொதிக்குது! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” அவள் திரும்பாமலே கேட்கிறாள்: “நீ சொன்னியா?”