ஆடாத பாலம்

"மூணாவது தடவையா விழுந்திருக்குய்யா! பாலம் கட்டுறியா, இல்ல புள்ளைங்களோட மணல் வீடு கட்டி வெளையாடுறியா?"

மலாயாவில், பெடாஸ் ஆற்றங்கரையில், கணேசமூர்த்தி கிராணி சன்னாசி மண்டோரைப் பார்த்துக் கத்தினார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி, ஜப்பான்காரன் வந்து பால்வெட்டு நின்றுபோனதும், பாலத்து வேலையில் கல் எண்ண வந்தவர். தோரணை மட்டும் வெள்ளைக்காரத் துரையுடையது.

அந்தத் துரைகள் ஓடும்போது உடைத்துவிட்டுப் போன பாலம்தான் அது. ஜப்பான்காரன் அதைக் கட்டச் சொல்லி சிரம்பான் சீன முதலாளி தவுக்கேயிடம் கொடுத்தான். தவுக்கே கடைக்கார லியாக்கத் அலியிடம் தள்ளினார். லியாக்கத் அலி, கூலிகளை வைத்து வேலை வாங்கும் சன்னாசி மண்டோர் தலையில் கட்டினார். கூலி அரிசி குறைகிறதே என்று கேட்டால், ஆளாளுக்கு மேலே கையைக் காட்டினார்கள். மேலே ஆகாயம்தான் இருந்தது.

ஒழுங்காகக் கிடைத்தது ஒன்றே ஒன்று, கைப்பட்டை. பாலத்து வேலையாள் என்று காட்டும் அந்தச் சிவப்புத் துணி கையில் இருந்தால், சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடிக்கும் லோரி தொடாது. அந்த லோரியில் போனவன் எவனும் இன்னும் திரும்பவில்லை.

"வேலை இந்த லட்சணத்துல இருந்தா ஜப்பான்காரன் எல்லார் பட்டையையும் புடுங்கிடுவான். இத்தனை பேர் பொழைப்புல மண்ணள்ளிப் போடுறியே!"

சன்னாசி வெற்றிலையைத் துப்பினார். "ஆத்துல தண்ணி வேகம் கிராணி. நான் என்னா செய்ய?"

"ஆமா, ஆத்து மேல பழியைப் போடு. தூணை முழங்கால் ஆழம் கூட எறக்கல நீ!"

கல் சுமந்துகொண்டிருந்த பஞ்சாலை நின்றாள். "உங்களுக்கு எதுக்குலா இந்த வம்பு, கிராணி ஐயா? மண்டோர் பாத்துக்குவாரு."

"சோம்பேறிக்கு நீ ஒரு சாட்சியா?"

ஏழைகளின் வேலையைக் காப்பாற்ற இந்த உலகத்தில் தன்னை விட்டால் நாதியில்லை என்று கிராணிக்குத் தோன்றிவிட்டது. லியாக்கத் அலியைத் தாண்டி, தவுக்கேயையும் தாண்டி, நேரே ஜப்பான் அதிகாரி முன்னால் போய் இடுப்பு ஒடியக் குனிந்து, விஷயத்தைச் சொன்னார். சன்னாசிக்குக் கன்னம் வீங்கியது. மண்டோர் வேலை போய், கல் சுமக்கும் வேலை வந்தது. மேற்பார்வை கிராணி கைக்கு வந்தது.

கிராணியா கொக்கா! ஆள் முங்கும் ஆழத்துக்குத் தூண்களை இறக்கினார். கொஞ்ச நாளில் பாலம் ஜம்மென்று எழுந்தது. அதிகாரி அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். அசையவில்லை. கிராணிக்கு ஒரு சிகரெட் கொடுத்து முதுகில் தட்டினார். அதைக் காதில் செருகிக்கொண்டு கிராணி சன்னாசியைப் பார்த்தாரே ஒரு பார்வை, அடேயப்பா!

மறுநாள் காலையில் லோரி வந்தது.

"பாலம் முடிந்தது. எல்லாரும் பட்டையைக் கழற்றுங்கள். சயாமில் வேலை இருக்கிறது," என்றார் அதிகாரி.

கிராணி முன்னால் ஓடினார். "ஐயா, நான் கிராணி!"

"பாலத்து கிராணி. அதுதான் முடிந்துவிட்டதே."

புருசனை லோரியில் ஏற்றுவதைப் பார்த்துப் பஞ்சாலை மார்பில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி கிராணி! எங்க ஆளுங்க இங்கயே கெடக்கணும்னுதான்யா மண்டோர் மூணு தடவையும் விழ வச்சாரு! நீ நிமுத்தி வச்சிட்டியே!"

கிராணியையும் பிடித்து லோரியில் ஏற்றினார்கள்.

லோரி பாலத்தை நெருங்கியது. கிராணி பக்கத்துப் பலகையை இறுகப் பிடித்தார். சன்னாசி நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"பயப்படாம உக்காருங்க கிராணி. பாலம்தான் இப்ப ஆடாதே!"