கறுத்த பாட்டில்

இரண்டாவது முறையும் அதே பாட்டில்தான் கறுத்திருந்தது.

அவள் இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

விரல் உயரப் பாட்டில்கள். தண்ணீரைப் பிடித்து இரண்டு நாள் வைக்க வேண்டும். எந்த மலக்கழிவு கலந்திருந்தாலும் கறுக்கும். ஊராட்சியில் சொல்லிக்கொடுத்து அவளிடம் ஒரு பெட்டியே தந்திருந்தார்கள்.

ஒன்றில் ‘ரிசார்ட் ஓடை’ என்று சீட்டு ஒட்டியிருந்தாள். மற்றதில் ‘நம்ம ஓடை’.

கறுத்தது நம்ம ஓடை.

அதெப்படி?

ரிசார்ட்டுக்காரன் கக்கூஸ் தண்ணீரைத் திறந்துவிடுகிறான் என்று ஊரே சத்தியம் செய்கிறது. பதினோரு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். நம்ம ஓடைக்கரையில் என்ன இருக்கிறது? கேரட் காடு. அதுவும் அவளுடைய சொந்தக் காடு.

சீட்டை மாற்றி ஒட்டித் தொலைத்திருப்பாய், மண்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் முறையும் இதையேதான் சொல்லித் திட்டினாள்.

மூன்றாம் முறை சீட்டே ஒட்டவில்லை. இரண்டு பாட்டிலிலும் ரிசார்ட் ஓடைத் தண்ணீரையே பிடித்தாள். இனி எதை எதோடு மாற்றுவது?

இரண்டும் கறுக்கவில்லை.

அவளுக்கு அழுகையாக வந்தது. ஏனென்றுதான் விளங்கவில்லை.

புருஷன் குணசீலன் மேட்டுக்காட்டிலிருந்து இறங்கி வந்தான். முழங்கை வரை கோழி எரு. மேகம் திரண்டால் போதும், அவனுக்குக் கால் தரையில் நிற்காது. மழைக்கு முந்தித் தூவினால்தான் எரு மண்ணில் இறங்கும் என்று அந்த மலையில் எல்லோரும் நம்புகிறார்கள். அவளும் பத்து வருசம் கூடவே தூவியவள்தான்.

“கேரட்டுக்கு நாலு மூட்டையும் தூவியாச்சு. கறுத்த பாட்டிலக் குடு. ஜீப் நிக்குது, ரிசார்ட்டுக்காரன் லட்சணத்தக் கலெக்டர்கிட்டக் காட்டணும்.”

மழை பிடித்துக்கொண்டது.

அவள் வாசலில் நின்று காட்டைப் பார்த்தாள்.

தண்ணீர் நின்று கேரட் அழுகாமலிருக்க, சரிவில் மேலிருந்து கீழாக நேர்நேராகப் போட்ட பாத்திகள். ஒவ்வொரு பாத்தியின் இடுக்கிலும் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. எங்கும் நிற்கவில்லை. நேரே ஓடைக்குப் போனது.

“எங்க ஓடுற?” என்று அவன் கத்தினான்.

இரண்டு ஓடையும் கலந்து ஊர்த் தொட்டிக்கு வருகிற இடம். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவள் நனைந்தபடி புகுந்து வால்வைத் திருகி மூடினாள்.

“ஏண்டி, அந்த ரிசார்ட்டுக்காரன் மறுபடியும் தொறந்துவிட்டுட்டானா?”

அவளுக்கு மூச்சு வாங்கியது.

“இல்லக்கா. எங்க காட்டுலருந்து வருது.”