பின் சீட்டில் கழுகு

கழுகு அவளைப் பார்க்கவில்லை. அதன் தலையில் தோல் குல்லாய். கண்கள் மூடியிருந்தன.

கழுகை வைத்து வேட்டையாடும் எர்போலும் அவளைப் பார்க்கவில்லை.

அவளுடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததிலிருந்து மூன்று முறை வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். கோயில் பிரகாரத்தைக்கூட இவ்வளவு சிரத்தையாக யாரும் சுற்றியதில்லை. டயரைத் தட்டினார். டேங்கில் காதை வைத்துக் கேட்டார். பின் சீட்டை உள்ளங்கையால் அமுக்கி, அது எழும்புவதைப் பார்த்தார்.

அவள் வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

முப்பத்தோரு வருடம் பரீட்சை ஹாலில் பிட் பிடித்தவள். வாட்ச் பட்டைக்குள் வேதியியல் புத்தகம் முழுவதையும் அட்டையோடு ஒளித்துக்கொண்டு வந்தவனை வாசலிலேயே மோப்பம் பிடித்தவள். திருட்டு முழி எந்த நாட்டில் முழித்தாலும் திருட்டு முழிதான்.

விருத்தாசலத்தில் கிளம்பி எழுபத்திரண்டு நாள். மங்கோலியாவின் மேற்குக் கோடி. மரம் என்ற பேச்சே இல்லாத மலையடிவாரம்.

இங்கே வண்டி போனால் எல்லாம் போனது.

"அண்ணி, அந்தாளு நம்ம வண்டிய பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குறாரு," என்றாள் நாத்தனார் வத்சலா. எழுபத்திரண்டு நாளும் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவள்.

"பாத்துட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு."

காலையில் எர்போல் ஒரு ஆட்டை அறுத்திருந்தார். தொடையும் ஈரலும் சாக்கில் கட்டித் தயாராக இருந்தன. தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. வேறென்ன?

அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முகத்தையே காட்டவில்லை.

கூட்டுக் களவாணி.

எர்போல் வந்தார். சுற்றுலாக்காரர்களிடம் பொறுக்கிய ஆங்கிலம் அவரிடம் ஒரு கைப்பிடி இருந்தது.

"நான். இவள்." கழுகைத் தொட்டார். "உங்கள் வண்டி. அந்த மலைகளுக்குப் பின்னால்."

"குதிரைதான் மூன்று நிற்கிறதே?"

"குதிரை கூடாது."

கீழே பார்த்தார். பிட் வைத்திருப்பவன் பார்ப்பது போலவே.

"வண்டி ரிப்பேருன்னு சொல்லிடுங்க அண்ணி."

"ரெண்டு நாளா அவர் வீட்டு ஆட்டைத் தின்னுட்டு வாய் எப்படிடீ வரும்?"

"நீங்கதான் தின்னீங்க. நான் ரொட்டி."

"ஈரலை யாரு வழிச்சுத் தின்னது? பேயா?"

வத்சலா பேச்சை மாற்றினாள். "நீங்க திரும்பி வரலைன்னா?"

"போலீசுக்குச் சொல்லு."

"எங்க இருக்கு?"

"நூத்தி எழுபது கிலோமீட்டர்ல."

பாஸ்போர்ட்டுகள் வத்சலாவின் மடியில். வத்சலா எர்போலின் கூடாரத்தில். அவள் ஹெல்மெட்டைப் போட்டாள்.

எர்போல் பின்னால் ஏறினார். வலது கையில் கழுகு. அவள் காதுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு முழம். சிறகை விரித்தால் அதன் நிழலில் ஒரு மினிபஸ்ஸை நிறுத்தலாம். நகம் ஒவ்வொன்றும் அரிவாள்மணை. பின் டயர் நசுங்கியதே, அது மனுஷன் எடையால் அல்ல என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

நான்கு பள்ளத்தாக்குகள்.

ஒரே ஓடையை மூன்று முறை கடக்கச் சொன்னார். ஒரு குன்றை இரண்டு முறை சுற்றச் சொன்னார்.

வழியை மறக்கடிக்கிறான்!

எதற்கும் இருக்கட்டும் என்று அவள் ஓடைகளை எண்ணினாள். குன்றுகளுக்கு எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் வைத்தாள்.

செங்குத்துப் பாறையின் கீழே, "இங்கே" என்றார்.

அவள் சாவியில் கை வைத்தாள்.

"அணைக்க வேண்டாம். ஓடட்டும்."

ஆயிற்று. இறங்கச் சொல்லப் போகிறார். இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கினால் கையோடு பிடுங்கட்டும்.

அவரே இறங்கினார். கத்தியை எடுத்தார்.

அவளுக்கு விருத்தாசலத்துச் சாமி அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தது.

எர்போல் மண்டியிட்டார். கழுகின் காலில் இருந்த தோல்வாரை அறுத்தார். முதலில் ஒரு கால். பிறகு மற்றது.

சாக்கைப் பிரித்தார். இறைச்சியைப் பாறை மேல் பரப்பினார். விருந்துக்கு இலை போட்டது போல, ஒழுங்காக.

கழுகை அதன் பக்கத்தில் இறக்கினார்.

"பத்துக் குளிர்காலம் எனக்காக வேட்டையாடினாள்," என்றார். "போதும். இனி அவளுக்குக் கூடு வேண்டும். குஞ்சு வேண்டும்."

கத்தியை உறையில் போட இரண்டு முறை தவறினார்.

"என் குதிரைகளைத் தெரியும் அவளுக்கு. குதிரையில் வந்தால் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வருடம் வந்தாள். அதற்கு முந்தின வருடமும்."

அவள் கைகள் ஹேண்டில்பாரில் தளர்ந்தன.

அவர் கழுகின் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்தார். குல்லாயைக் கழற்றினார்.

மஞ்சள் கண்கள். அவை அவரை மட்டும் பார்த்தன.

திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறினார்.

"போங்கள். வேகமாக."

போனாள். கல்லும் மண்ணும் பறந்தன. தலையில் சுமந்து வந்த பயமெல்லாம் கீழே கொட்டிவிட்டது. அவர் நெற்றியை அவள் முதுகில் அழுத்திக்கொண்டிருந்தார். முதுகு நனைந்தது. இன்ஜின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

முதல் பள்ளத்தாக்கு கழிந்தது.

இரண்டாவது.

பக்கக் கண்ணாடியில் ஒரு புள்ளி. தூசி என்று கட்டை விரலால் துடைத்தாள்.

போகவில்லை. பெரிதானது. அதற்குச் சிறகு இருந்தது.

"வருகிறாளா?" முதுகுக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"இல்லை," என்றாள்.

பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கூடாரம், கழுகின் பழைய வீடு. வத்சலா. பாஸ்போர்ட்டுகள்.

அவள் வலப்பக்கம் திருப்பினாள்.

அந்த மலைகளில் பிறந்து வளர்ந்தவர், வழி தவறு என்று சொல்லவில்லை.