இரண்டாவது கேள்வி

இரண்டு பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்து அதிகாரி மறுபடியும் பார்த்தார்.

அவனுடையதில் குடும்பப் பெயர் சுடலைமணி. அது அவன் அப்பா பெயர்.

இடுப்பில் இருந்த நான்கு வயது மகளுடையதில் இசக்கிமுத்து. அது அவன் பெயர்.

கால்கரியில் காத்திருக்கும் மனைவி கோமதியின் பாஸ்போர்ட் நகலில் சங்கரலிங்கம். அது மாமனார்.

ஒரே வீட்டில் மூன்று குடும்பம். திருநெல்வேலியில் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்டதில்லை. டொரண்டோ விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தை உங்களுடையதுதானா, ஆதாரம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஆதாரம் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், கோமதி கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாம் இருந்தது. கைப்பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெரிய பெட்டியின் அடியில், இட்லிப் பொடிக்கும் கீழே பத்திரப்படுத்தியிருந்தான்.

பெட்டி கவுண்டருக்கு அந்தப் பக்கம் பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

இதைத் தாண்டாமல் அதை எடுக்க முடியாது. அதை எடுக்காமல் இதைத் தாண்ட முடியாது.

அவ்வளவு புத்திசாலி.

கால்கரி விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. அது போனால் போகட்டும், அடுத்தது வரும். பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்விட்டால்? ஒன்றரை வயதில் விட்டுவிட்டு வந்த குழந்தையைப் பார்க்க கோமதி அங்கே நிற்கிறாள். இவன் மட்டும் போய் என்ன சொல்வான்?

அதிகாரி குழந்தையிடம் ஏதோ கேட்டார். அது இவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

போன் செய்து யாரையோ வரவழைத்தார்கள். சீருடையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

குழந்தையைக் கீழே இறக்கிவிடச் சொன்னாள். இவனை நான்கடி தள்ளி நிற்கச் சொன்னாள்.

தமிழில் சொன்னாள்.

யாழ்ப்பாணத் தமிழ். அதைக் கேட்டதும் அவனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி, குழந்தையின் வாயில் இருந்தது.

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பெயர் கேட்டாள். மகிழினி என்று பதில் வந்தது. பிறகு அவனைக் காட்டிக் கேட்டாள்.

"இவர் ஆர், பிள்ளை?"

குழந்தை திரும்பி அவனைப் பார்த்தது. சிரித்தது.

"பெரியண்ணன்."

அவனுக்குக் கண்ணை இருட்டியது.

வீட்டில் அவன்தான் மூத்தவன். தம்பிகள் மூன்று பேரும் தங்கையும் அவனைப் பெரியண்ணன் என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையும் அப்படியே கூப்பிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். யாரும் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டியவன் அவன். அவனுக்கு அது பிடித்திருந்தது, அதனால் விட்டுவிட்டான்.

முதல் அதிகாரி, குழந்தை என்ன சொன்னது என்று அவளிடம் கேட்டார்.

அவள் ஒரு நிமிடம் பொறுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினாள். குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சரி. பெரியண்ணன் ஆருக்கு அப்பா?"

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"எனக்குத்தான்!"

அவள் சிரித்துவிட்டாள். எழுந்து மற்றவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நிறைய சொன்னாள். அவரும் சிரித்தார். கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். விசாவைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

முத்திரை விழுந்தது. இரண்டு தடவை.

அவன் பிள்ளையை அள்ளித் தூக்கினான்.

"நாங்களும் எங்கட அப்பாவை அண்ணை எண்டுதான் கூப்பிடுறனாங்கள்" என்றாள் அவள், பாஸ்போர்ட்டுகளை நீட்டிக்கொண்டே. "அஞ்சு வயசில நானும் இப்பிடி ஒரு கவுண்டரில நிண்டு அண்ணை எண்டு சொன்னனான். ரெண்டாவது கேள்வி கேக்க அங்க தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருக்கேல்ல."

அவன் சிரித்தான். நன்றிக்கா, நன்றிக்கா என்று தலையை ஆட்டினான்.

ஓடினான். பெல்ட்டிலிருந்து பெட்டியை இழுத்தான். சுங்கத்தில் இட்லிப் பொடியைச் சொன்னான், போ என்றார்கள். அடுத்த பெல்ட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓடினான். கதவு மூடுவதற்குள் ஏறிவிட்டான்.

கோமதிக்குச் செய்தி அனுப்பினான். ஏறியாச்சு. ரெண்டு பேரும்.

ஒரு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பிள்ளை அவன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. அவனுக்குச் சும்மாவே சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

விமானம் மேலே ஏறியது. ஊர் மேகத்துக்குக் கீழே போனது.

அப்போதுதான், அந்தச் சீருடைப் பெண்ணின் அப்பா அன்று அந்தக் கவுண்டரைத் தாண்டினாரா என்று கேட்கவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

அவள் அதைச் சொன்னபோது சிரித்தது, தான் மட்டும்தான்.