முதல் விசில் வரை

முதல் விசில் ஊதும்வரைதான் ட்ரென்ட் ஆடலாம்.

அமெரிக்காவில், அயோவாவின் அந்தச் சிறிய கல்லூரியின் கூடைப்பந்து அணியில் அது வழக்கம். கடைசி வருட மாணவன் எவனாக இருந்தாலும், சொந்த அரங்கில் நடக்கும் கடைசி ஆட்டத்தை அவன்தான் தொடங்கி வைக்க வேண்டும். அதற்கு முன் அம்மாவுக்குப் பூங்கொத்து தர வேண்டும். ஆட்டம் முதல்முறை நின்றதும் வெளியே வந்துவிட வேண்டும்.

ட்ரென்ட் யாரும் அழைக்காமல் அணிக்கு வந்தவன். உதவித்தொகை கிடையாது. பயிற்சியில் எதிராளியாக நடிப்பதுதான் அவன் வேலை. அடுத்து எந்த அணி வருகிறதோ, அதன் சிறந்த ஆட்டக்காரனை வீடியோவில் பார்த்து அப்படியே ஆடிக் காட்டுவான். இந்த வாரம் எதிரணியின் மூன்றாம் எண் சட்டைக்காரன்.

நான்கு வருடங்களில் ஓர் ஆட்டத்திலும் அவன் கூடை போட்டதில்லை. இனி வாய்ப்பும் இல்லை.

பந்து மேலே போனது.

மூன்றாம் எண் அவன் முன்னால் வந்து நின்றான்.

“அம்மாவுக்குப் பூ குடுத்தாச்சுல்ல தம்பி? போய் உக்காரு.”

சொன்ன கையோடு அவனைத் தாண்டிப் போய்க் கூடை போட்டான்.

அடுத்த பந்து யார் கையிலோ பட்டு எல்லைக்கு வெளியே உருண்டது.

விசில்.

ட்ரென்ட் வெளியே பார்த்தான். அவன் இடத்துக்கு வரவேண்டியவன் டாரியஸ், அணியின் நட்சத்திரம். ஸ்கோர் மேசை முன் மண்டியிட்டுக் குனிந்திருந்தான். இரண்டு கைகளும் ஷூவில்.

நடுவர் காத்திருக்கவில்லை. பந்தை உள்ளே கொடுத்துவிட்டார். இனி அடுத்த விசிலில்தான் ஆள் மாற்ற முடியும்.

மூன்றாம் எண் மறுபடி போட்டான். நான்குக்குச் சைபர். இதில் தோற்றால் ட்ரென்டின் அணிக்கு சீசன் முடிந்தது.

இரண்டாவது விசில்.

“டாரியஸ்! உள்ள போடா!” கோச் கத்தினார்.

“லேஸ், கோச்!”

“இன்னுமாடா?”

டாரியஸ் தலை நிமிரவில்லை.

மறுபடி ஆட்டம். எதிரணி எறிந்தது வளையத்தில் மோதித் திரும்பியது. ட்ரென்டின் அணியிலேயே உயரமான மாலிக் எம்பிப் பிடித்தான். ஆறடி பத்து அங்குலம். கிடைத்த பந்தை யாருக்கும் தராதவன். அதைக் கொண்டுவந்து ட்ரென்டின் வயிற்றில் திணித்தான்.

“போடுறா.”

மாணவர் கூட்டம் மொத்தமாக எழுந்தது.

மூன்றாம் எண் கைகளை விரித்துக்கொண்டு வந்தான்.

ட்ரென்ட் இடது தோளைத் தாழ்த்தினான். உள்ளே பாய்வதுபோல் ஓர் அடி வைத்தான். பின்னால் தாவினான்.

வாரம் முழுக்கப் பழகிய அடி. மூன்றாம் எண்ணின் சொந்த அடி.

தன் வித்தைக்கே ஏமாந்து அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பந்து வலையை மட்டும் தொட்டது.

மூன்றாவது வரிசையில் அப்பா விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி எறிந்தார். உடனே அதைத் தேடவும் ஆரம்பித்தார். அம்மா பூங்கொத்தால் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். இதழ்கள் பறந்தன.

எதிரணி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. விசில்.

இப்போது டாரியஸ் எழுந்தான். ஓடிவந்து ட்ரென்டின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினான்.

“இப்ப போய் உக்காரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டான். ஒன்பது புள்ளிகளில் வென்றார்கள். அது பிறகு.

ட்ரென்ட் பெஞ்சுக்கு வந்தான். கோச் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முகத்தைக் கடுமையாக வைத்திருந்தார்.

“லேஸாம்” என்றார்.

ட்ரென்ட் திரும்பி டாரியஸின் கால்களைப் பார்த்தான். சீசன் முழுக்கப் பார்த்த அதே சிவப்பு ஷூக்கள். இரண்டிலும் குறுக்கே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் அகலமான வெல்க்ரோ பட்டை.

கட்டுவதற்கு அவற்றில் எதுவுமே இல்லை.