சின்ன வார்த்தை

"உங்க வாயில சின்ன வார்த்தையே வராதா?"

மேனேஜரம்மா மேஜையைத் தட்டிக் கேட்டாள்.

"வராது மேடம்" என்றான் அவன்.

திமிரைப் பாருங்கள்!

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. அங்கே அவனுக்கு வைத்த பேர் 'அகராதி'. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட ஆங்கில டிக்‌ஷனரியைப் பிரித்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பான். குணமும் பேருக்கேற்ற மாதிரிதான். யாரையும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. வேலை சொன்னால் 'சரி' கிடையாது; ராஜா மாதிரி "ஆகட்டும்" என்பான். அடுத்தவர் காலை மிதித்தாலும் 'ஸாரி' வராது. நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஒரு ஆட்டு, அவ்வளவுதான்.

"'ஸ்டார்ட்'னா ஆகாது, 'கமென்ஸ்'. 'ஸ்மால்'னா ஆகாது, 'மினிஸ்க்யூல்'. 'சவுண்ட்' என்ன பாவம் பண்ணிச்சு? அதுவும் 'அக்கூஸ்டிக்' ஆயிடுச்சு! ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை தேடித் தேடிச் சேர்த்து வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"

"ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு வேணுமே மேடம்."

"வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல!"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. லிஃப்ட் ஓடுகிற ஓசையை வைத்தே, அது நின்றுபோவதற்கு முன்னால் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை அவன் உருவாக்கியிருந்தான். நாளைக்கு எம்.டி. முன்னால் அதை அவன்தான் ஆங்கிலத்தில் விளக்கவேண்டும். எம்.டி. தலையாட்டினால் அவளுடைய பிரிவு பிழைக்கும். உதட்டைப் பிதுக்கினால் மூடுவிழா.

அவளே உட்கார்ந்து பேச்சை எழுதினாள். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தை.

"இதுல ஒரு எழுத்து மாறக்கூடாது. உங்க மேதாவித்தனத்தால எங்க பொழப்புல மண்ணு விழக்கூடாது."

அவன் தாளைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"மேடம், நானே என் போக்குல..."

"ம்ஹூம்!"

"...ஆகட்டும்."

மறுநாள் எம்.டி. வந்தார். கனமான வார்த்தை விஷயத்தில் அவர் இவனுக்கே அண்ணன். 'ப்ளீஸ்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கனமான இங்கிலீஷைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

"நேரமாகுது, ஆரம்பிங்க" என்றார்.

அவன் எழுந்தான். தாளில் முதல் வார்த்தை 'சார்'.

"ஸ்... ஸ்... ஸ்..."

நின்றான். மறுபடியும் முயன்றான்.

"ஸ்... ஸ்..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் செருகியது.

"என்னய்யா, டயர்ல காத்து எறங்குதா?" என்று கணக்குப் பிரிவுக்காரர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

மேனேஜரம்மா அவனை முறைத்தாள். படுபாவி, வேண்டுமென்றே பழிவாங்குகிறானா?

எம்.டி. எட்டி அந்தத் தாளைப் பிடுங்கினார். மேலிருந்து கீழே ஒரு பார்வை.

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்."

"குழந்தைங்களுக்குக் கதை எழுதறீங்களா? இந்தத் தக்கை இங்கிலீஷ் எனக்கு ஆகாது!" தாளை நாலாகக் கிழித்தார். அவனிடம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்ச கனமான வார்த்தை அத்தனையும் எடுத்து விடுங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்கறேன்."

இனம் இனத்தோடுதான் சேரும் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அவன் ஒரு மூச்சு இழுத்தான். 'கமென்ஸ்' என்று தொடங்கினான். 'அக்கூஸ்டிக்' வந்தது. 'மினிஸ்க்யூல்' வந்தது. அப்புறம் மடை திறந்த வெள்ளம்தான். குறுக்கே கேட்ட கேள்விக்கெல்லாம் அசராமல் பதில் சொன்னான். காற்று இறங்குவதைப் பற்றிப் பேசிய ஆள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ரூவ்ட்!" என்று எம்.டி. கை தட்டினார்.

மேனேஜரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்த பிறகுதான் புத்தியும் வந்தது.

சார். சரி. ஸாரி. ஸ்டார்ட். ஸ்மால். சவுண்ட்.

எல்லாம் ஒரே ஓசையில் தொடங்குகிறவை. திக்குகிற நாக்கு தட்டி நிற்கிற இடங்கள். அவன் டிக்‌ஷனரியில் தேடியது பவிசு இல்லை. சுற்றிப்போக ஒரு வழி.

கூட்டம் கலைந்ததும் அவனிடம் போனாள்.

"முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதான் வராதுன்னேனே மேடம்" என்று சிரித்தான்.

"ஸாரி" என்றாள். அவள் நாக்குக்கு அது சுலபமான வார்த்தைதான். சொல்லித்தான் பழக்கமில்லை.

எம்.டி. லிஃப்டுக்காகக் காத்திருந்தார். ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"ரொம்ப நன்றி சார். கூடவே வேலை செய்யற எங்களுக்கே தெரியல. பார்த்ததும் உங்களுக்கு மட்டும் எப்படி சார் புரிஞ்சுது?"

எம்.டி. பதில் சொல்ல வாயெடுத்தார்.

"ப... ப... ப..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண் செருகியது. பிறகு தானே சிரித்துவிட்டார்.

"அனுபவம்" என்றார்.