பனையடிக் கல்

“தீர்ப்பாயத்துலயும் உன் கேசு எங்களுக்கு வராதுன்னு அனுப்பிட்டாங்களாமே, சேட்டு?”

சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டார் ஏகாம்பரம், ரிட்டையர்டு சர்வேயர். வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான் சேட்டு. சர்வீஸில் அவருக்கு நிலம் அளக்கும் செயின் இழுத்து, அவர் காட்டிய இடத்தில் கல் நட்டவன். முழங்கை வரை மண். கடப்பாரை சுவரோரம் சாய்ந்திருந்தது.

“ஆமா சார். நீ தெனக்கூலி, கவர்மெண்டு ஊழியரே இல்லன்னாங்க. லேபர் கோர்ட்டுக்குப் போனா, கவர்மெண்டு வேலதானே செஞ்ச, தீர்ப்பாயத்துக்கே போன்னு சொல்றாங்க.”

“அப்ப நீ யாருடா?”

“அதத்தான் சார் நானும் கேட்டுக்கினு கீறேன்.”

ஏகாம்பரம் சிரித்தார். சேட்டு சிரிக்கவில்லை.

“ரைஸ்மில்லுக்காரனுக்காக சர்வே கல்ல நவுத்தச் சொன்னது நீங்க. நவுத்த மாட்டேன்னேன். வேற ஆள வெச்சி நவுத்திட்டு எம்பேர எழுதினீங்க. வேலயும் போச்சி. கல்லுத் திருடன் வூடுன்னு எம்பொண்ணக் கேட்டு ஒருத்தனும் வர்றதில்ல. சேட்டு நவுத்தலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார்.”

“எழுதினா என் பென்ஷன் போயிடும். வேற எங்கனா போய்ப் பாரு.”

“போனேன் சார். எல்லையம்மா கோயில்ல குறி கேட்டேன்.”

“அம்மா இன்னா சொன்னா?”

“அந்த சர்வேயர் வூடு என் எல்லை, பனையடிக் கல்லுக்கு அப்பால கீது, அங்க எனக்கு அதிகாரம் இல்லன்னுட்டா.”

சிரித்ததில் ஏகாம்பரத்துக்குப் புரையேறியது. “அவளுக்கும் வரம்பா? சரியாப் போச்சி.”

சேட்டு கையைத் துடைத்துக்கொண்டான். “கடைசியா கேக்கறேன். எழுதிக் குடுத்தீங்கன்னா, செஞ்ச வேலயக் கலைச்சிட்டுப் போயிடுவேன்.”

“இன்னா வேல?”

“குழி நோண்ற வேலதான் சார்.”

“பேஜார் பண்ணாம போடா.”

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

பொழுது சாயும்போது பம்பைச் சத்தம் கேட்டது. அம்மன் எல்லை சுற்றும் நாள். கல்லுக்குக் கல் ரத்தச் சோறு இறைத்துக்கொண்டு வருவார்கள். அவர் வீட்டு வாசலுக்கு எதிரே, பனையடிக் கல்லோடு திரும்பிவிடுவார்கள். வருஷா வருஷம் அவர் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான்.

இன்று வாசலுக்கு எதிரே யாரும் இல்லை. பம்பை வீட்டுக்குப் பின்னால் கேட்டது.

பனையடியைப் பார்த்தார். கல் நின்ற இடத்தில் குழி மட்டும் இருந்தது.

ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். கிணற்றுக்கும் அப்பால், ஈரம் காயாத மண்ணில், மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது கல். அதன் தலையில் சோற்றை வைத்துவிட்டு, சாமியாடி மெல்ல அவர் பக்கம் திரும்பினான்.

சேட்டு நட்ட கல் சாயாது என்பது ஏகாம்பரத்துக்குத் தெரியும்.